வீட்டிலேயே படிக்க வைக்க சட்டத்தில் இடம் உண்டா? டி.சி., எமிஸ், என்.ஐ.ஓ.எஸ்., தனித்தேர்வு: சென்னை நடைமுறை

பெருங்குடி_பெற்றோர்

மகளுக்கு 9 வயது. 4-ஆம் வகுப்பு முடிகிறது, தனியார் பள்ளி, மாநிலப் பாடத்திட்டம். வரும் ஜூன் முதல் வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். எப்படிக் கற்பிப்பது என்ற ஆலோசனை வேண்டாம், அது போதுமான அளவு கிடைக்கிறது. கேள்வி சட்டம் பற்றியது மட்டும். யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? வாங்காவிட்டால் வழக்கு வருமா? பிற்பாடு 10-ஆம் வகுப்புத் தேர்வு எழுத இப்போதே என்ன ஆவணம் சேர்க்க வேண்டும்?

மயிலை_வழக்கறிஞர்

அனுமதி வாங்குவதற்கென்று ஓர் அலுவலகமே கிடையாது. விண்ணப்பப் படிவமும் இல்லை, பதிவேடும் இல்லை. முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு கொடுத்தால் அவர் என்ன உத்தரவு போடுவார் என்று யோசித்துப் பாருங்கள். "குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்க்கவும்" என்பதைத் தவிர வேறு எதையும் எழுத அவருக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே மனுக் கொடுத்து மறுப்புக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது சட்டம். 2002-ல் வந்த 86-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இரண்டு விஷயங்களைச் சேர்த்தது. 21ஏ பிரிவு, 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி தர வேண்டியது அரசின் பொறுப்பு என்கிறது. 51ஏ(கே), அதே வயதுக் குழந்தைக்குக் கல்வி வாய்ப்பு ஏற்படுத்தித் தருவது பெற்றோரின் கடமை என்கிறது. அதில் "கல்வி வாய்ப்பு" என்றுதான் இருக்கிறது, "பள்ளி" என்று இல்லை.

2009-ல் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இன்னும் இறுக்கமானது. அதன் 10-ஆம் பிரிவு, குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று நேராகச் சொல்கிறது. ஆனால் அந்தக் கடமையை மீறினால் என்ன தண்டனை என்று அச்சட்டத்தில் எங்கும் இல்லை. அபராதமும் இல்லை, சிறையும் இல்லை. "கட்டாயக் கல்வி" என்பதற்கு 8-ஆம் பிரிவு தரும் விளக்கம்கூட அரசின் மீதான கட்டாயம்தான், பெற்றோர் மீதானது அல்ல.

அதனால் "ஹோம் ஸ்கூலிங் சட்டவிரோதம்" என்று அடித்துச் சொல்கிறவர் சொல்வதும் முழுசா சரியில்லை, "தாராளமாகச் செய்யலாம், சட்டம் அனுமதிக்கிறது" என்பதும் சரியில்லை. கல்வி உரிமைச் சட்டத்தில் அதற்கு அங்கீகாரமும் இல்லை, தண்டனையும் இல்லை.

சூளைமேடு_சுப்பு

மத்திய அரசே கோர்ட்டில் "பெற்றோர் விரும்பினால் வீட்டில் படிக்க வைக்கலாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டதே சார். வாட்ஸ்அப்பில் அந்த நகல் சுற்றுகிறது.

மயிலை_வழக்கறிஞர்

சுற்றுகிறது, பாதிக் கதை மட்டும். 2011-ல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் மனிதவள அமைச்சகம் 2012-ல் அப்படி ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. பிறகு அதையே திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த வழக்கில் வீட்டுக் கல்விக்கு ஆதரவாகத் தீர்ப்பு எதுவும் வரவில்லை. திரும்பப் பெற்ற பத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் எந்த அதிகாரியிடமும் நீட்டாதீர்கள்.

மாநிலத்தில் 1994-ஆம் ஆண்டின் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டமும் உண்டு. மத்திய சட்டத்தை மட்டும் படித்துவிட்டுப் பேசுகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வரும் அலுவலர் இரண்டையும் மனதில் வைத்துத்தான் பேசுவார்.

ஓய்வு_தலைமையாசிரியர்

நடைமுறையில் என்ன நடக்கும் என்பதை நான் சொல்கிறேன்.

பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) கேட்கும்போது 4-ஆம் வகுப்பு ஆண்டுத் தேர்வு முடிந்து, தேர்ச்சி விவரம் பதிவான பிறகு கேளுங்கள். ஆண்டு நடுவில் வாங்கினால் டி.சி.யில் "4-ஆம் வகுப்பு பயின்று வருகையில்" என்றுதான் வரும். மே மாதம் வாங்கினால் "5-ஆம் வகுப்புக்கு உயர்த்தப்பட்டார்" என்று வரும். பின்னால் எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் இந்த ஒரு வரி வித்தியாசம் பேசும். விலகும் காரணத்தில் "பெற்றோர் விருப்பம்" என்று எழுதச் சொல்லுங்கள், அது போதும்.

கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டி டி.சி. தர மறுத்தால், கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி உடனே வழங்க வேண்டியது தலைமையாசிரியரின் பொறுப்பு. தாமதித்தால் அவர் மீது ஒழுங்கு நடவடிக்கைக்கு இடம் உண்டு. டி.சி.யைப் பாக்கி வசூலிக்கும் கருவியாக்கக் கூடாது, பாக்கி விவரத்தை அதில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது.

டி.சி. கொடுத்ததும் பள்ளி உங்கள் குழந்தையின் எமிஸ் எண்ணை (கல்வித் துறையின் கணினிப் பதிவில் மாணவருக்குள்ள அடையாள எண்) காமன் பூலுக்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் பொதுப் பட்டியலுக்குத் தள்ளிவிடும். அந்த எண் அழியாது. வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும் வரை அங்கேயே கிடக்கும். எவரும் எடுக்கவில்லை என்றால் இடைநின்ற குழந்தைகள் பட்டியலில் பெயர் வரும். அப்புறம் ஏதாவது ஒரு பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பின்போது வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் வீட்டுக்கு வருவார், அல்லது போன் செய்வார். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டு சண்டை பிடிக்கிறார்கள், தேவையே இல்லை. அவருக்கு வேண்டியது பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு பதில். குழந்தை வேலைக்குப் போகவில்லை, படிக்கிறது என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டும். நோட்டுப் புத்தகங்கள், வார அட்டவணை, பிறப்புச் சான்று, டி.சி. நகல் ஆகியவற்றைக் காட்டி ஒரு பக்கக் கடிதம் கையெழுத்திட்டுக் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கு அவரிடமே கையெழுத்து வாங்கி வையுங்கள். எமிஸ் எண்ணை மறக்காமல் எழுதி வையுங்கள். அது இல்லாமல் திரும்பச் சேர்க்கும்போது புதிய எண் போட்டு, இரட்டைப் பதிவாகி, அதைச் சரிசெய்ய அலைய வேண்டியிருக்கும்.

வேளச்சேரி_வாசி

இவ்வளவு எதுக்குங்க? பக்கத்துல ஒரு சின்ன பள்ளியில பேரை மட்டும் வச்சுட்டு, ஃபீஸ் கட்டிட்டு, குழந்தை வீட்டுல படிக்கட்டும். நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க. எமிஸ் பிரச்சனையும் இல்ல, டி.சி. பிரச்சனையும் இல்ல.

மயிலை_வழக்கறிஞர்

அதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. வீட்டில் படிக்க வைப்பதற்குக் கல்வி உரிமைச் சட்டத்தில் தண்டனை இல்லை. வராத குழந்தைக்கு வருகை போடுவது பதிவேட்டில் பொய். பள்ளி மாட்டும்போது அந்தப் பெயர்ப் பதிவும் சேர்ந்தே போகும், அதுவும் சாதாரணமாகத் தேர்வு ஆண்டில்தான் மாட்டும். சி.பி.எஸ்.இ. பொதுத் தேர்வுக்கு 75 விழுக்காடு வருகை வேண்டும், திடீர் ஆய்வுக்கும் வருகிறார்கள். தெளிவான காலி இடம் ஒன்றைப் பொய்யான ஆவணத்தால் நிரப்பாதீர்கள்.

ஓய்வு_தலைமையாசிரியர்

வழிமொழிகிறேன். பேரை மட்டும் வைக்கச் சம்மதிக்கும் பள்ளிக்கு அங்கீகாரம் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அண்ணாநகர்_கற்றல்மையம்

என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம்) பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு: டி.சி. வாங்கியதும் அதில் சேர்த்துவிடலாம் என்று. 10-ஆம் வகுப்புக்கு இணையான செகண்டரி படிப்பில் சேரக் குறைந்தபட்ச வயது 14. 12-க்கு இணையானதற்கு 15. உங்கள் மகளுக்கு 9. நடுவே ஐந்து வருடம் எந்தக் காகிதமும் உருவாகாது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

சேரும்போது பிறந்த தேதிச் சான்று, ஆதார், புகைப்படம், கையெழுத்து, முகவரிச் சான்று வேண்டும். 8-ஆம் வகுப்புச் சான்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், செகண்டரி பாடத்தைப் படிக்கும் அளவு அறிவு இருக்கிறது என்று சுய உறுதிமொழி கொடுத்தாலே ஏற்பார்கள். வீட்டில் படித்த குழந்தைக்கு இந்த ஒரு சலுகைதான் கதவு.

குறைந்தது 5 பாடம், அதில் ஒன்று அல்லது இரண்டு மொழி. கூடுதலாக 2 எடுக்கலாம், மொத்தம் 7-ஐத் தாண்டக் கூடாது. பொதுத் தேர்வு வருடத்துக்கு இருமுறை: ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர். பதிவு 5 வருடம் செல்லும், அதற்குள் 9 வாய்ப்பு. எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. தேர்ச்சிக்கு 33 விழுக்காடு, செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துக்கும் செய்முறைக்கும் தனித்தனியாக. எழுத்து மதிப்பெண்ணில் 20 விழுக்காடு ஆசிரியர் மதிப்பிடும் ஒப்படைப்புகளுக்கு. இதை அலட்சியப்படுத்தி, பதிவேற்றக் கடைசித் தேதியைத் தவறவிட்டு மதிப்பெண்ணை இழப்பவர்கள் ஏராளம்.

எங்கே தவறுகிறது என்றால்:

பெயர் எழுத்துகள். பிறப்புச் சான்றில் தலைப்பெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், அப்பா பெயரில் ஓர் எழுத்து கூடுதல். சேரும்போது கவனிக்காமல் விட்டால் மதிப்பெண் சான்று வந்த பிறகு திருத்த அலைச்சலும் செலவும் அதிகம்.

பாடத் தேர்வு. 10-ல் கணக்கும் அறிவியலும் எடுக்காமல் சுலபமான பாடங்களாகச் சேர்த்துவிட்டு, பிறகு +1-ல் அறிவியல் பிரிவு கேட்பது.

இடைவெளி. செகண்டரி முடித்து இரண்டு வருடம் கழித்துத்தான் சீனியர் செகண்டரி தேர்ச்சிச் சான்று தருவார்கள். "15-ல் 12-ஐ முடித்துவிடலாம்" என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த விதியில் முட்டிக்கொள்வார்கள்.

பெருங்குடி_பெற்றோர்

நன்றிங்க. பிறகு மருத்துவம், பொறியியல் பக்கம் போக என்.ஐ.ஓ.எஸ். தடையா?

அண்ணாநகர்_கற்றல்மையம்

ஜே.இ.இ.-க்குத் தடையில்லை, 12-ல் 5 பாடம் இருக்க வேண்டும். நீட் விஷயத்தில் பழைய பயம் இன்னும் போகவில்லை. திறந்தநிலைப் பள்ளி மாணவர்களை விலக்கிய மருத்துவக் கவுன்சில் விதியை டெல்லி உயர்நீதிமன்றம் 2018-ல் ரத்து செய்தது. அங்கீகாரம் பெற்ற திறந்தநிலைப் பள்ளிகளை ஏற்பதாக மருத்துவ ஆணையம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024-ல் பதிவு செய்து விவகாரத்தை முடித்தது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் செய்முறையோடு தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும்.

தனித்தேர்வர்_தோழன்

எல்லாரும் என்.ஐ.ஓ.எஸ்., என்.ஐ.ஓ.எஸ். என்கிறீர்கள். நம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தனித்தேர்வை (பள்ளியில் சேராமல் எழுதும் தேர்வு) யாரும் பேசவில்லையே! அந்த ஐந்து வருட வெற்றிடத்தை நிரப்பும் வழி இதில்தான் இருக்கிறது.

8-ஆம் வகுப்புத் தனித்தேர்வு என்று ஒன்று இருக்கிறது. பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால் பள்ளியே போகாதவரும் எழுதலாம். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், ஐந்தும். பழைய டி.சி. அல்லது பதிவுத்தாள், அதுவும் இல்லையென்றால் பிறப்புச் சான்று. விண்ணப்பம் வீட்டிலிருந்து போட முடியாது, இயக்ககம் அறிவிக்கும் சேவை மையத்துக்கு நேரில் போக வேண்டும். அறிவிப்பு வந்து விண்ணப்பிக்க இருக்கும் நாட்கள் கொஞ்சம்தான். தவறவிட்டால் தட்கல் (கடைசி நேர விண்ணப்பம்) உண்டு, கூடுதல் கட்டணத்தோடு.

இந்தச் சான்று கையில் இருந்தால் 9-ஆம் வகுப்பில் சேர்க்கும் பேச்சே மாறும். கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, எந்தக் குழந்தையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது. ஆனால் அது 8 வரைக்கும்தான். 9-ல் அந்தப் பாதுகாப்பு முடிந்துபோகிறது. சி.பி.எஸ்.இ. பள்ளி 9-ல் பதிவு செய்ய அங்கீகாரம் பெற்ற பள்ளியின் 8-ஆம் வகுப்புச் சான்று கேட்கும். எனவே திரும்பப் பள்ளிக்கு வரும் எண்ணம் துளியாவது இருந்தால் 8-க்குள் வந்துவிடுங்கள், அல்லது தனித்தேர்வு எழுதிவிட்டு வாருங்கள்.

10-ஆம் வகுப்பு நேரடித் தனித்தேர்வருக்கு வயது பதினான்கரை. இங்கே ஒரு பொறி: அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிய வேண்டும், அந்த வகுப்புகளில் 80 விழுக்காடு வருகை வேண்டும். அறிவியலில் 75 எழுத்து, 25 செய்முறை. செய்முறைப் பதிவைத் தவறவிட்டவர் அந்த வருடத் தேர்வுக்கே விண்ணப்பிக்க முடியாது. தேர்வு அறிவிப்புக்காகக் காத்திருப்பவர்கள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள், ஏனென்றால் செய்முறை அறிவிப்பு பல மாதம் முன்பே வந்து போய்விடும்.

+2 அறிவியல் பிரிவுக்கு நேரடித் தனித்தேர்வு உதவாது. அதற்குப் பள்ளியில் சேர வேண்டும், அல்லது என்.ஐ.ஓ.எஸ்.

கோடம்பாக்கம்_கோப்பு

இழப்புக் கணக்கையும் யாராவது சொல்ல வேண்டும். நானே எழுதிவிடுகிறேன்.

தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு அரசுப் பணி இடஒதுக்கீடு: 2020 திருத்தத்துக்குப் பிறகு கடைசிப் பட்டம் மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதாது, பள்ளிக் கல்வியும் தமிழ்வழியாக இருக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. 1-ஆம் வகுப்பு முதல் பள்ளிச் சான்று கேட்கிறது. வீட்டில் தமிழில் படித்தாலும் சான்று தர ஆள் இல்லை.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் உள்ள 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய்: இரண்டும் இல்லை.

10-ல் தமிழ் எடுக்காமல் அரசுப் பணிக்குப் போனால் மொழித் தேர்வு எழுத வேண்டிவரும். பணித் தேர்விலேயே தமிழ்த் தகுதித் தாளும் உண்டு. என்.ஐ.ஓ.எஸ்.-இல் தமிழ் கட்டாயம் இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள், 237 என்ற எண்ணில் தமிழ் இருக்கிறது. இன்னொன்று, மாநில அரசுப் பணிகளில் என்.ஐ.ஓ.எஸ். சான்றின் இணைத்தன்மை பற்றிக் கேள்வி எழுந்துகொண்டேதான் இருக்கிறது. பிள்ளை சர்க்கார் உத்தியோகம் பக்கம் போகக்கூடும் என்றால் 10-ஆவது மாநிலத் தனித்தேர்வாக எழுதுவதே பத்திரம்.

மாநில ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கேட்கும்போது, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தொடர்ந்து படித்தவருக்கு நேட்டிவிட்டி சான்று தேவைப்படாது. உங்கள் பிள்ளைக்குத் தேவைப்படும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். சாதிச் சான்றும் அப்படித்தான். பள்ளிச் சான்று கேட்டால் பெற்றோரின் சாதிச் சான்றையும் டி.சி. நகலையும் இணையுங்கள்.

வருமான வரியில் கல்விக் கட்டணக் கழிவு பள்ளி, கல்லூரிக்குக் கட்டியதற்கு மட்டும்தான். வீட்டு ஆசிரியர் சம்பளத்துக்குக் கிடையாது.

திருவான்மியூர்_சிறப்புக்கல்வி

ஒரு தெளிவு. கல்வி உரிமைச் சட்டத்தில் வீட்டுக் கல்வி என்ற பேச்சே இல்லை என்பது முழு உண்மை அல்ல. 2012 திருத்தத்தில் பல்வகைக் குறைபாடு அல்லது கடுமையான குறைபாடு உள்ள குழந்தைக்கு வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை எழுத்திலேயே தரப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தக் குழந்தை அருகிலுள்ள பள்ளிப் பதிவேட்டில் இருக்கும், எமிஸ் எண் ஓடும், சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கு வருவார். பள்ளியை விட்டு விலகுவது அல்ல அது. அப்படிப்பட்ட குழந்தைக்கு டி.சி. வாங்கிவிட்டால் கிடைக்க வேண்டிய பயிற்சியும் உதவித்தொகையும் நின்றுபோகும். வாங்காதீர்கள்.

பெருங்குடி_பெற்றோர்

எங்கள் குடியிருப்பில் இன்னும் ஆறு குடும்பம் இதே எண்ணத்தில் இருக்கிறது. ஒரு ஃபிளாட் வாடகைக்கு எடுத்து, இரண்டு ஆசிரியர் வைத்து, செலவைப் பிரித்துக்கொள்ளலாமா?

மயிலை_வழக்கறிஞர்

இங்கே நில்லுங்கள். இதுவரை சொன்னதில் தண்டனை இல்லை, இதில் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு: அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000. பெயர்ப் பலகை, சீருடை, மாதக் கட்டணம், காலை முதல் மாலை வரை நிலையான வகுப்பு எல்லாம் சேர்ந்தால் "கற்றல் வட்டம்" என்று எழுதினாலும் ஆய்வுக்கு வருபவர் பள்ளி என்றே எழுதுவார். மாநிலத்தின் 2018 தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அபராதம் விழுவது நடத்துகிறவர் மீது, அதாவது குத்தகையில் கையெழுத்துப் போட்டவர் மீது. குடியிருப்பு நலச் சங்கத்தில் ஒருவர் புகார் எழுதினால் போதும்.

வாரம் இரண்டு நாள் ஒவ்வொரு வீட்டில் மாற்றி மாற்றிக் கூடுவது, இசை வகுப்பு, கணக்கு வகுப்பு என்று தனித்தனியாக அனுப்புவது, இதில் பிரச்சனை இல்லை. ஒரே இடம், முழுநேரம், பொதுக் கட்டணம்: இந்த மூன்றும் சேர விடாதீர்கள்.

சூளைமேடு_சுப்பு

பக்கத்து வீட்டுக்காரர் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் பண்ணினால்?

மயிலை_வழக்கறிஞர்

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்து பார்ப்பார்கள். தலைமையாசிரியர் ஐயா சொன்ன அதே கோப்பைக் காட்டுங்கள். அவர்கள் தேடுவது புறக்கணிப்பும் குழந்தைத் தொழிலும். அதனால் கடையோ ஓட்டலோ வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்தின்படி 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை குடும்பத் தொழிலில் உதவலாம், ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் மட்டும். பள்ளியே போகாத குழந்தை காலை 11 மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்திருந்தால் விளக்கம் சொல்வது கடினம்.

இன்னொன்று, வெளியே யாரும் பேசாதது. வீட்டுக் கல்வி பற்றிய சண்டை பெரும்பாலும் அரசோடு வருவதில்லை, கணவன் மனைவிக்குள் வருகிறது. பிரிவு, விவாகரத்து என்று குடும்பநல நீதிமன்றம் போகும்போது, "குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறார்" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வரி. இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் ஒன்றை இப்போதே எழுதி, ஒவ்வொரு ஜூனிலும் புதுப்பித்து வையுங்கள்.

பெருங்குடி_பெற்றோர்

சரிங்க. இந்த மே மாதத்துக்குள் செய்ய வேண்டியது என்ன என்று மட்டும் ஐயா சொன்னால் முடித்துக்கொள்கிறேன்.

ஓய்வு_தலைமையாசிரியர்

பிறப்புச் சான்றை எடுத்துப் பாருங்கள், குழந்தையின் பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்று. "பெண் குழந்தை" என்று மட்டும் இருக்கும் சான்றோடு நிறையப் பேர் பள்ளி வரை வந்துவிடுகிறார்கள். பிறந்து 15 வருடத்துக்குள் மாநகராட்சியில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம், தாமதக் கட்டணம் உண்டு. அதன்படி ஆதாரில் எழுத்தைச் சரிசெய்யுங்கள். 5 வயதுக் கைரேகைப் புதுப்பிப்பு ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள், 15 வயதில் மறுபடி நீங்களே மையத்துக்குக் கூட்டிப் போக வேண்டும், பள்ளி முகாம் உங்களுக்குக் கிடையாது.

தேர்ச்சி அறிவித்த பிறகு டி.சி., அதோடு 1 முதல் 4 வரையிலான மதிப்பெண் அட்டைகள், பயிற்றுமொழி குறிப்பிட்ட படிப்புச் சான்று ஒன்று. பள்ளி மூடிவிட்டால் பிறகு வாங்க முடியாது. எமிஸ் எண். இருவர் கையெழுத்திட்ட ஒப்புதல்.

பிறகு மகளுக்குப் பன்னிரண்டரை வயது எந்த மாதம் நிறைகிறது என்று காலண்டரில் குறித்துவிட்டு, 8-ஆம் வகுப்பு அறிவிப்பை அந்த வருடம் முழுக்க மாதாமாதம் இயக்ககத்தின் தளத்தில் பாருங்கள்.

தனித்தேர்வர்_தோழன்

பழைய டி.சி. அசலைக் கையில் வையுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், சேவை மையத்தில் பின்பக்க முத்திரையைப் பார்க்கக் கேட்பார்கள்.